பிள்ளை பாஸ் பண்ணிவிட்டது – படிப்புச் செலவுக்கு இனி எங்கே போவது?



ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறோம். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா ஸ்டோரில் வேலை. மூத்த மகள் உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்கும் தெரிவாகிவிட்டாள். லயமே சந்தோஷப்பட்டது. ஆனால் படிப்புதவிக்கு விண்ணப்பம் கோரிய அறிவித்தல் பத்திரிகையில் வந்தது அந்த வீட்டுக்குத் தெரியவில்லை. யாரோ சொல்லி அறிந்தபோது முடிவுத் திகதி போய் ஒன்பது நாள். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாமல் அந்தப் பிள்ளை இன்று கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். "நமக்கு இதெல்லாம் யாரு வந்து சொன்னா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயம்

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. 1945ஆம் ஆண்டு வந்த இலவசக் கல்வியின் பலன் அது. ஆகவே "லட்சக் கணக்கில் கட்ட வேணும்" என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். செலவு வருவது தங்குமிடம், சாப்பாடு, பஸ், புத்தகம் என்பவற்றுக்குத்தான். அந்தச் செலவைத் தாங்குவதற்கே புலமைப்பரிசில்கள் இருக்கின்றன.

இன்னொன்று. பல பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் தர அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். கலைப் பிரிவுக்கு இந்த முறை இல்லை. ஆகவே "கொழும்புப் பிள்ளைகளோட நம்ம புள்ள போட்டி போட ஏலுமா?" என்று விண்ணப்பிக்காமல் இருப்பது தவறு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் வெளியிடும் மாணவர் கைநூலில் எல்லா விபரமும் உண்டு. தமிழிலும் கிடைக்கும்.

என்னென்ன உதவி இருக்கிறது?

மஹாபொல: 1981ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த நிதியம் இது. இஸட் புள்ளி மிகக் கூடியவர்களுக்குத் திறமை அடிப்படையிலும், மற்றவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் மாதாந்தம் பணம் கொடுக்கிறார்கள். மஹாபொல கிடைக்காத வருமானம் குறைந்த பிள்ளைக்கு 'பேர்சரி' என்ற நிதியுதவி உண்டு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், கம்பஸ் கிடைத்தால் மஹாபொல தானாக வந்துவிடும் என்று இருக்கக் கூடாது. அதற்கு விண்ணப்பித்து, வருமானத்துக்கு அத்தாட்சியும் காட்ட வேண்டும்.

இலங்கை தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம்: இது நம்முடைய பிள்ளைகளுக்கென்றே உள்ளது. இந்தியத் தூதரகத்தின் பொறுப்பில் நடக்கிறது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளில் உயர்தரம் படிப்போரும் பல்கலைக்கழகத்தில் படிப்போரும் விண்ணப்பிக்கலாம். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். பெற்றார் தோட்டத்தில் வேலை செய்வதற்குத் துரையின் கடிதம் தேவைப்படும்.

இந்தியாவில் படிக்க: முதல் பட்டத்துக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசிலும், மேற்பட்டப் படிப்புக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும் இலங்கை மாணவருக்கு உண்டு. கல்வி அமைச்சின் ஊடாக விண்ணப்பம் கோருவார்கள். அங்கே படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் என்பதை மறக்க வேண்டாம்.

இவை தவிர ஜனாதிபதி நிதியம் அண்மைய வருடங்களில் உயர்தர மாணவருக்குப் புலமைப்பரிசில் கொடுத்திருக்கிறது. சில தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் கோயில் சபைகளும் உதவி செய்கின்றன. நலன்புரி உத்தியோகத்தரிடமும் அதிபரிடமும் வாய் திறந்து கேளுங்கள்.

சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பூட்டன்மாரை நாடற்றவர் ஆக்கியது. மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்ததும் ஒரு சட்டம்தான், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். சேவைக்காலப் பணத்துக்காகத் தொழில் நீதிமன்றப் படி ஏறியவர்களுக்கு, நம் பேச்சு விளங்கும் ஒரு சட்டத்தரணி இருந்தால் எவ்வளவு உதவி என்று தெரியும். நம் லயத்திலிருந்தும் அப்படியானவர்கள் வர வேண்டும்.

வழி இரண்டு. ஒன்று பல்கலைக்கழகம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் சட்டப் பட்டம் படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். அங்கே கட்டணம் உண்டு, ஆனால் வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

மற்றது, 1874ஆம் ஆண்டு தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரி. கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. அதற்குத் தனியான நுழைவுப் பரீட்சை. அதைத் தமிழிலும் எழுதலாம். இஸட் புள்ளி குறைந்து கம்பஸ் கிடைக்காத பிள்ளையும், உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியடைந்திருந்தால் இதற்குத் தோற்றலாம். ஆனால் சாதாரண தரத்தில் தாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் திறமைச் சித்தி கேட்கிறார்கள். ஆகவே சட்டத்தரணி ஆகும் கனவு உயர்தரத்தில் தொடங்கினால் பிந்திவிடும். பத்தாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பட்டம் எடுத்தவரும் சட்டத்தரணியாக வேண்டுமானால் சட்டக் கல்லூரிப் பரீட்சையில் தேற வேண்டும். சட்டக் கல்லூரியில் கட்டணம் உண்டு. எனவே அனுமதி கிடைத்த உடனேயே உதவி தேடத் தொடங்க வேண்டும்.

பயிற்சிக்கு இடம் தேடுவது

பரீட்சை முடிந்ததும் அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதம் பயிற்சி பெற வேண்டும். இந்தக் காலத்தில் சம்பளம் வரும் என்று எண்ண வேண்டாம். சில சீனியர்மார் பஸ் காசு கொடுப்பார்கள், சிலர் கொடுக்க மாட்டார்கள். கொழும்பில் அறைக்கு வாடகை கட்டிச் சிரமப்படுவதை விட, அட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை நீதிமன்றங்களில் வேலை செய்யும் ஒரு சீனியரைக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு, நம் மக்களின் வழக்குகளையும் பழகலாம்.

படிக்கும் காலத்தில் விடுமுறையிலும் பயிற்சி தேடலாம். வசதியற்றவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் பல நீதிமன்றங்களோடு இருக்கின்றன. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. இடம் உண்டா என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் நட்டமில்லை. கடிதம் ஒரு பக்கம் போதும். நீ யார், எந்த வருடம் படிக்கிறாய், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை வர முடியும், எந்த மொழிகள் தெரியும் என்று எழுது. தமிழும் சிங்களமும் இரண்டும் பேசத் தெரிந்தால் அதை முதலிலேயே எழுது. அது பெரிய தகைமை.

சட்டம் தவிர்ந்த தொழில்களுக்குத் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை வேலைத்தலங்களில் பயிற்சிக்குச் சேர்க்கிறது. ஆசிரியராக விரும்புவோருக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

கடதாசிகளை இப்போதே சேருங்கள்

பணம் இல்லாமல் தவறிப்போன பிள்ளைகள் ஒரு பக்கம். கடதாசி இல்லாமல் தவறிப்போன பிள்ளைகள் இன்னொரு பக்கம். கீழே உள்ளவற்றை ஒரு பைலில் போட்டு, ஒழுகாத இடத்தில் வையுங்கள்:

1. பிறப்பத்தாட்சிப் பத்திரம்.
2. தேசிய அடையாள அட்டையின் பிரதி.
3. பரீட்சைப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம்.
4. கிராம உத்தியோகத்தரின் வதிவிட, வருமானச் சான்றிதழ். பிரதேச செயலாளரின் கையொப்பமும் கேட்பார்கள்.
5. தாய் தகப்பன் இருவரின் சம்பளச் சிட்டைகள்.
6. தோட்டத் துரையின் கடிதம்.
7. பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிக் கணக்குப் புத்தகம்.

பெயரைக் கவனியுங்கள். பிறப்பத்தாட்சியில் 'மாரியாய்', பாடசாலையில் 'மாரியம்மா', அடையாள அட்டையில் இன்னொன்று என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தம் செய்ய விண்ணப்பிக்கலாம். அதற்கு நாள் எடுக்கும். பெறுபேறு வந்தபின் ஓடினால் நேரம் போதாது.

சம்பளச் சிட்டையிலும் ஒரு விஷயம் உண்டு. கொழுந்து நிறைந்த மாதத்தின் சிட்டையை மட்டும் கொடுத்தால் வருமானம் கூடித் தெரியும். வறட்சி மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது என்பது அதில் தெரியாது. ஆகவே ஒரு வருடச் சிட்டைகளையும் எறியாமல் வைத்து, உண்மையான வருட வருமானத்தைக் காட்டுங்கள். குறைத்தும் எழுத வேண்டாம். பொய்யென்று பிடிபட்டால் கிடைத்த உதவியும் போய்விடும்.

ஏமாற வேண்டாம்

"அம்பதாயிரம் குடுங்க, ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தாறேன்" என்று வருபவர்கள் உண்டு. பரீட்சைக்கோ பதிவுக்கோ கட்டணம் கேட்பது வேறு. அதற்கு வங்கியிலோ அலுவலகத்திலோ பற்றுச்சீட்டு தருவார்கள். படிப்புதவி வாங்கித் தர முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், தெரிந்த தலைவராகவே இருந்தாலும், ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மூலப் பத்திரங்களையும் யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்திய பிரதியே போதும்.

கடைசியாக

அறிவித்தல்கள் தமிழ்ப் பத்திரிகைகளிலும், வெள்ளிக்கிழமை வரும் அரசாங்க வர்த்தமானியிலும், அந்தந்த நிறுவனங்களின் இணையத்தளங்களிலும் வருகின்றன. ஒவ்வொரு வீட்டாலும் இதையெல்லாம் பார்க்க முடியாது. ஆனால் ஒரு தோட்டத்துக்கு ஒரு பிள்ளை பார்க்கலாம். கிழமைக்கு ஒரு நாள் பார்த்து, முடிவுத் திகதியைப் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைக் காம்பரா சுவரிலும் கொழுந்து மடுவத்திலும் ஒட்டிவிட்டால் போதும். இளைஞர் கழகத்துப் பிள்ளைகள் இந்த மாதமே இதைத் தொடங்கட்டும்.

புடவைக் கடையில் நிற்கும் அந்தப் பிள்ளைக்கும் எல்லாம் முடிந்துவிடவில்லை. திறந்த பல்கலைக்கழகமும் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையும் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவளுடைய தங்கை இப்போது பத்தாம் வகுப்பு. அந்தத் தாய் இனி "யாரு வந்து சொன்னா?" என்று கேட்க வேண்டி வரக் கூடாது.