வேலைக்கு ஓய்வு உண்டு, அழைப்புக்கு ஓய்வு இல்லை



திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16ஆம் அதிகாரம் பெரும்பாலும் வாழ்த்துகளால் நிறைந்தது. அந்த நீண்ட வரிசையில் முதல் வாழ்த்தைப் பெறுகிறவர்கள் ஒரு கணவனும் மனைவியும்: பிரிஸ்கா, அக்கிலா. கூடாரம் செய்து பிழைத்தவர்கள் அவர்கள். குருக்கள் அல்லர், துறவிகளும் அல்லர். ஆனாலும் அவர்களுடைய வீட்டிலே திருச்சபை கூடியது. நன்கு பேசத் தெரிந்த அப்பொல்லோவைத் தங்களிடம் அழைத்து, நற்செய்தியின் நெறியை இன்னும் தெளிவாக விளக்கியவர்களும் அவர்களே. திருமணம் செய்துகொண்டு குடும்பமாக வாழ்பவர்களும் இறைப்பணியாளர்கள் என்பதற்குத் திருச்சபையின் தொடக்கத்திலேயே இவர்கள் சான்று.

இப்போது நமக்கு அருகிலுள்ள தீவொன்றில் வாழ்ந்த இன்னொரு தம்பதியரைப் பற்றிச் சிந்திப்போம். புனித யோசேப்பு வாஸ் 1687ஆம் ஆண்டில் மறைந்து மறைந்து பணியாற்றிய அதே யாழ்ப்பாணத்திற்கு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1820இல் வந்து சேர்ந்தவர்கள் லீவை ஸ்போல்டிங், மேரி ஸ்போல்டிங். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். அமெரிக்கச் சீர்திருத்தச் சபையினர். அக்காலத்தில் அவர்களுக்கும் நம் திருச்சபைக்கும் கருத்து மோதல்கள் இருந்தன. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரிந்திருக்கும் சகோதரரிடம் விளங்கும் கிறிஸ்துவின் நன்மைகளை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும்படி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு நமக்குக் கற்பித்திருக்கிறது. அந்த மனத்தோடு இவர்களைப் பார்ப்போம்.

1819 ஜூன் மாதம் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறியபோது அவர்கள் இளந்தம்பதியர். யாழ்ப்பாணத்தில் பனைமரங்களும் கிணற்றுத் தோட்டங்களும் நிறைந்த ஊர்களில் தங்கி, தமிழ் கற்றார்கள். அப்போதைய ஆங்கிலேய ஆளுநர் அமெரிக்க மிஷனுக்குப் புதிதாக ஆட்கள் வரக்கூடாது என்று தடை விதித்திருந்தார். 1833 வரை அந்தத் தடை நீடித்தது. உதவிக்கு ஆள் வராது என்று தெரிந்தும், இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே உழைத்தார்கள்.

1824இல் ஹாரியட் வின்ஸ்லோ என்னும் அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. 1833இல் அந்த அம்மையார் இறந்ததும், ஸ்போல்டிங் தம்பதியர் உடுவிலுக்கு வந்து பொறுப்பேற்றார்கள். அந்தப் பள்ளியே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி.

நம் தேனி மாவட்டத்துக்கும் இவர்களோடு தொடர்பு உண்டு. 1834இன் தொடக்கத்தில் ஸ்போல்டிங் கடல் கடந்து மதுரைக்கு வந்து, பணி தொடங்க ஏற்ற இடமா என்று பார்த்துச் சென்றார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களால் அமெரிக்க மதுரை மிஷன் தொடங்கியது. பெரியகுளத்துக்கு மேலே, கோடைக்கானலில் 1845இல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் அந்த மிஷனைச் சேர்ந்தவர்களே. நம் பகுதியிலுள்ள தென்னிந்தியத் திருச்சபைச் சகோதரர்களின் வரலாற்றில் அந்த மிஷனுக்கு முக்கிய இடம் உண்டு.

ஆனால் இவர்களிடமிருந்து நாம் சிறப்பாகக் கற்க வேண்டியது முதுமையில் அவர்கள் வாழ்ந்த விதம். 1840இல் எலிசா அக்னியூ என்னும் ஆசிரியை உடுவிலுக்கு வந்தார். பள்ளியின் கற்பிக்கும் பொறுப்பு மெல்ல அவர் கைக்கு மாறியது. பொறுப்பைக் கொடுத்துவிட்டோம், இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று ஸ்போல்டிங் தம்பதியர் மூட்டை கட்டவில்லை. இடையில் ஒருமுறை தாய்நாடு சென்றவர்கள், மீண்டும் உடுவிலுக்கே திரும்பினார்கள். அவர் தமிழில் பாடல்கள் இயற்றினார், சிறு நூல்கள் எழுதினார், ஊர் ஊராகச் சென்று போதித்தார். மேரி அம்மையார் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். தாய் படித்த பள்ளியிலே மகளும் வந்து படித்தாள். 1873இல், 81 வயதில், லீவை ஸ்போல்டிங் உடுவிலிலேயே கண்மூடினார். அடுத்த ஆண்டு மேரி அம்மையாரும் இறைவனடி சேர்ந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மக்களோடு வாழ்ந்த வாழ்க்கை அது.

இந்த வாழ்க்கைக்கு விலை இல்லாமல் இல்லை. அக்காலத்து அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே படிப்புக்காகத் தாய்நாட்டுக்கு அனுப்புவது வழக்கம். கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்காகும். தம் பிள்ளைகளைப் பிரிந்த ஏக்கத்தோடுதான் பலர் பிறர் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

அன்பார்ந்த பெரியோர்களே, பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் ஏக்கம் உங்களுக்குப் புதிதல்ல. மகன் திருப்பூரில், மகள் சென்னையில். வாரத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் முகம் பார்க்கிறீர்கள். தோட்டத்தில் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்கள், முழங்கால் வலி மேடு ஏற விடவில்லை. "எங்களுக்கு இனி என்ன வேலை, சாமி?" என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு நம் நம்பிக்கை தரும் பதில் இதுதான்: தோட்ட வேலைக்கு ஓய்வு உண்டு, திருமுழுக்கில் பெற்ற அழைப்புக்கு ஓய்வு இல்லை. முதிர்ந்த வயதிலும் கனி தரும் நீதிமான்களைப் பற்றித் திருப்பாடல் 92 பேசுகிறது. குழந்தை இயேசுவைக் கோவிலில் அடையாளம் கண்டுகொண்டவர்களும் முதியவர்களான சிமியோனும் அன்னாவுமே.

இந்தப் பணிக்காக நாம் தீவுக்குப் போக வேண்டியதில்லை. விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் ஏறி மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தாய்மார்கள் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புகிறார்கள். பள்ளி விட்ட பிறகு அதுவரை பல பிள்ளைகள் தனியாகவே இருக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஆலய வளாகத்தில் விளக்கேற்றி, அவர்களை உட்கார வைத்து, வீட்டுப்பாடம் செய்யச் சொல்லி, ஒரு கதை சொல்லி, சேர்ந்து செபிக்க ஓர் ஆச்சியும் தாத்தாவும் போதும். படிப்பு அதிகம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பாடம் சொல்லிக்கொடுக்க நம் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளையின் பெயரைத் தெரிந்துவைத்து, வராத நாளில் ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறவர்கள்தான் நமக்குக் குறைவு.

இதற்கு ஒழுங்கும் வேண்டும். தம்பதியர் இருவரும் சேர்ந்தே இருக்க வேண்டும், அல்லது இரு பெரியவர்களாவது உடனிருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். பிள்ளையை அதன் வீட்டாரிடமே ஒப்படைக்க வேண்டும். சமயம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இளையோருக்கும் ஒரு வார்த்தை. அன்பியக் கூட்டங்களில் பெரியவர்களுக்கு நாற்காலி போட்டு மரியாதை செய்கிறோம். அவர்களுக்கு ஒரு பொறுப்பும் கொடுப்போம். முதுமையில் பலரை வாட்டுவது தாங்கள் யாருக்கும் தேவையில்லை என்ற நினைப்பே. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 முதல் ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகள், முதியோர் நாளாக ஏற்படுத்தியதும் அவர்களைத் திருச்சபை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே.

பிரிஸ்காவையும் அக்கிலாவையும் அழைத்த ஆண்டவர் நம் பங்கின் முதிய தம்பதியரையும் பெயர் சொல்லி அழைக்கிறார். வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின், இதற்கு முன்வரும் தம்பதியர் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.