பஸ்ஸை விட்டு இறங்காத புரதம்

குற்றாலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: ‘பூனையை 30 வயது வரை வாழவைக்கும் ஊசியை ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் பூனைக்கு 11 வயது. சரியாகச் சாப்பிடுவதில்லை, இளைத்துவிட்டது, எந்நேரமும் தண்ணீர்த் தொட்டியண்டையே நிற்கிறது. அந்த ஊசி தென்காசியில் கிடைக்குமா?’

கிடைக்காது. ஊசியைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பூனையின் முன்னோர் வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனைகள். வரலாற்றில் நமக்கு வேண்டியது இவ்வளவுதான். இரையின் உடலில் உள்ள ஈரத்தை வைத்தே காலம் தள்ளிய அந்த இனத்தின் சிறுநீரகம், சொட்டு நீரையும் வீணாக்காமல் சிறுநீரைக் கெட்டியாக்கி அனுப்பும். அந்தத் திறமைதான் சிறுநீரக நோயையும் மறைக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செத்த பிறகே சிறுநீர் நீர்த்துப்போகிறது, பூனை தண்ணீரைத் தேடுகிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறுவதற்குள் முக்கால் பங்கு போயிருக்கும். சாரல் அடித்துத் திண்ணையெல்லாம் நனைந்து கிடக்கும் நாளில்கூட ஒரு பூனை திரும்பத் திரும்பத் தண்ணீருக்குப் போனால், அது தாகம் மட்டுமல்ல, தகவல். சர்க்கரை நோயாகவும் தைராய்டு கோளாறாகவும்கூட இருக்கலாம். எதுவென்று மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இனி ஜப்பான். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இருந்த தோரு மியாசாகியின் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஏஐஎம் என்ற புரதம் ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை, ஐஜிஎம் என்ற பெரிய எதிர்ப்பொருளின் மேல் தொற்றிக்கொண்டே போகும். சீசன் நாளில் குற்றாலத்துச் சந்து ஒன்றில் சாக்கடை அடைத்துக்கொண்டதாக வையுங்கள். தென்காசியிலிருந்து டவுன் பஸ்ஸில் துப்புரவுப் பணியாளர் வருகிறார். பஸ் சந்துக்குள் நுழையாது. அவர் இறங்கித்தான் நடக்க வேண்டும். நம் உடலில் இறங்குகிறார். சிறுநீரகக் குழாயில் அடைத்துக் கிடக்கும் செத்த செல்களின் மேல் ஏஐஎம் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘அள்ள வேண்டியது இதுதான்’ என்ற அடையாளம் அது. சந்தில் குடியிருப்பவர்களே, அதாவது குழாயின் சுவரில் இருக்கும் செல்களே, அந்தக் குப்பையை விழுங்கி அகற்றிவிடுகின்றன. பூனையின் பணியாளரோ பஸ் கம்பியை எலியினுடையதைப் போல ஏறத்தாழ 1,000 மடங்கு இறுக்கமாகப் பிடித்திருக்கிறார். கண்டக்டர் விசில் அடிக்கிறார், நிறுத்தம் வருகிறது, இவர் இறங்குவதில்லை. ஐந்தருவி வரை போய் அதே இருக்கையில் தென்காசி திரும்புகிறார். சந்தில் குப்பை அப்படியே கிடக்கிறது.

எத்தனை அழகான விளக்கம்! ஆனால் அந்த ஆய்வில் குணமானவை எலிகள். பூனையின் ஏஐஎம் இருக்கும்படி மாற்றிய எலிகளுக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பை உண்டாக்கி, எலியின் ஏஐஎம்-ஐ ஊசியாகப் போட்டுத் தேற்றினார்கள். வயதான பூனையை வருடக்கணக்கில் அரிக்கும் நாள்பட்ட நோய் வேறு விஷயம். தழும்பேறிச் செத்த வடிகட்டி, குப்பையை அள்ளிவிட்டால் மட்டும் உயிர்பெறாது. 30 வயது என்பது 2021-ல் மியாசாகி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கும் நம்பிக்கை. 30 வயது வரை பூனைகளை வளர்த்துப் பார்த்துச் சொன்ன முடிவு அல்ல. அதே ஆண்டு ஜப்பானியப் பூனைப் பிரியர்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஆராய்ச்சிக்கு நன்கொடை அனுப்பினார்கள். அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. வாட்ஸ்அப் செய்தியில்தான் சந்தேகம்.

நம்மால் இன்றே செய்ய முடிவது கையால் தடவிப் பார்ப்பது. முதுகை வருடும்போது முள்ளெலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுகிறதா? தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டு, இடுப்பருகே ரோமம் திரிதிரியாக நிற்கிறதா? வாயில் அமோனியா நெடி அடிக்கிறதா? பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள். நாலு கிலோ பூனை 400 கிராம் இழந்திருந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

சிலவற்றுக்கு மறுநாள்வரை பொறுக்கக் கூடாது. ஆண் பூனை மண்ணில் குந்திக் குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் உடனே ஓட வேண்டும். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கும் பூனையையும், குறிப்பாகக் குண்டுப் பூனையை, ‘விரதம்’ என்று விட்டுவிடாதீர்கள், கல்லீரலில் கொழுப்பு தேங்கத் தொடங்கும். காய்ச்சல் போலிருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அரை மாத்திரைகூட வேண்டாம். அதை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் வேலை செய்வதில்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து ஈறு பழுப்பாகிவிடும்.

வாசகிக்கு: அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையில் முடியாவிட்டால், திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போவதற்கு முன் ஒரு நாள் தண்ணீரை அளந்து வைத்து, மறுநாள் மீதியை அளந்து, குடித்த கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு கிலோ பூனைக்கு 200 மில்லி என்றால் அதிகம்; அந்த எண்ணைத்தான் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.