பத்து பர்சன்ட் பிடிச்சாச்சு, இன்னும் என்ன வரி?

ஆபீஸ் வேலை போக, வார இறுதியில் ஏதாவது ப்ராஜக்ட் செய்து வருஷத்துக்கு லட்சம் ரூபாய் போலச் சம்பாதிக்கிறவர்களிடம் பேசும்போது ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது: "அவங்களே பத்து பர்சன்ட் பிடிச்சுட்டுத்தான் குடுத்தாங்க. வரி அதோட முடிஞ்சுது." முடியவில்லை. சிலருக்கு அதற்கு மேலும் கட்ட வேண்டியிருக்கும். சிலருக்குப் பிடித்த பணமே திரும்பி வர வேண்டியிருக்கும். நான் ஆடிட்டர் இல்லை. சட்டப் பிரிவுகளைப் படித்து, கணக்குப் போட்டுப் பார்த்து எழுதி வைத்த குறிப்புகள் இவை. எல்லா எண்களும் 2025-26 நிதியாண்டுக்கும் புதிய வரி முறைக்கும் உரியவை.

முதலில் அந்தப் பத்து பர்சன்ட். 194ஜே பிரிவின்படி, ஒரு நிறுவனம் ஒருவருக்கு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10% டிடிஎஸ் பிடிக்க வேண்டும். தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் என்று வகைப்படுத்தினால் 2%. இது வரிக்காக முன்கூட்டியே எடுத்து வைக்கிற தொகை, அவ்வளவுதான். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று பிடிக்கிறவருக்குத் தெரியாது. உண்மையான வரி, இந்தப் பணம் சம்பளத்தின் மேல் போய் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது.

இங்கேயே இன்னொரு தப்பான நம்பிக்கையையும் சொல்லிவிடலாம். "50,000க்குள்ள இருந்தா காட்ட வேண்டாம்" என்பார்கள். அந்த வரம்பு கொடுப்பவருக்கு, டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா இல்லையா என்பதற்கு மட்டும். வாங்கியவர் 5,000 ரூபாய் என்றாலும் கணக்கில் காட்டத்தான் வேண்டும்.

அடுத்தது 44ஏடிஏ. சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம் போன்று பட்டியலிட்ட தொழில்களைச் செய்பவர்கள், வந்த தொகையில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும் என்கிறது இந்தப் பிரிவு. நிஜ லாபம் கூடுதல் என்றால் கூடுதலாகவும் காட்டலாம். பாதியே காட்டுகிறவர் செலவுக்கு பில் சேர்த்து வைக்க வேண்டாம், கணக்குப் புத்தகமும் வேண்டாம். மொத்த வரவு 50 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ரொக்கமாக வந்தது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை போகலாம். டியூஷன் எடுப்பவர், மொழிபெயர்ப்பவர் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் நிஜச் செலவைக் கழித்துக் காட்டலாம், அதற்கு பில் வேண்டும்.

இப்போது மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். மூவருமே ஐடி கம்பெனியில் வேலை. மூவரும் வெளியே மென்பொருள் வேலை செய்து தலா ஒரு லட்சம் பெற்றார்கள். மூவருக்கும் 10,000 டிடிஎஸ் பிடித்தாகிவிட்டது. 44ஏடிஏ படி லாபம் 50,000.

முதல் ஆளுக்குச் சம்பளம் 8 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 7,25,000. அதோடு 50,000 சேர்த்தால் 7,75,000. 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். பிடித்த 10,000 முழுவதும் திரும்ப வர வேண்டும். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும். "வரியே இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்?" என்று விட்டுவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

மூன்றாம் ஆளுக்குச் சம்பளம் 30 லட்சம். 50,000 முழுவதும் 30% அடுக்கில் விழுகிறது. 4% செஸ் சேர்த்து 15,600. 10,000 ஏற்கெனவே போய்விட்டதால் இன்னும் 5,600 கட்ட வேண்டும்.

நடுவில் இருக்கும் ஆள்தான் முக்கியம். சம்பளம் 12,60,000. கழிவு போக 11,85,000. சம்பளத்துக்கு மட்டும் வரி பூஜ்யம் என்பதால் கம்பெனி எதுவும் பிடிக்கவில்லை. வெளி வேலையின் 50,000 சேர்ந்ததும் வருமானம் 12,35,000 ஆகிறது. 12 லட்சக் கோட்டைத் தாண்டியாச்சு, தள்ளுபடி போச்சு. அடுக்குப்படி கணக்கிட்டால் வரி 65,250. ஆனால் கோட்டைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்று ஒரு நிவாரணம் இருக்கிறது. அதனால் 35,000தான், செஸ்ஸோடு 36,400. பிடித்தது போக இன்னும் 26,400 கட்ட வேண்டும். ஒரு லட்சம் சம்பாதித்ததற்கு 36,400 வரி!

இதே ஆள், முன்பே நிரப்பி வந்த ஐடிஆர்-1 கைக்கு வசதியாக இருக்கிறது என்று அந்த ஒரு லட்சத்தை அப்படியே 'இதர வருமானம்' என்று போட்டால்? வருமானம் 12,85,000. இந்த இடத்தில் நிவாரணம் உதவாது. வரி செஸ்ஸோடு 75,660. பணம் அதேதான், போட்ட கட்டம் வேறு. வித்தியாசம் 39,260 ரூபாய். தொடர்ந்து செய்கிற தொழில் வருமானத்துக்குப் பொதுவாக ஐடிஆர்-4தான் சரியான படிவம். அதே வருஷம் ஷேர் விற்றுக் குறுகிய கால லாபம் பார்த்திருந்தால் ஐடிஆர்-3.

நடுவில் இருப்பவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. டிடிஎஸ் போகக் கட்ட வேண்டியது 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் முன்கூட்டி வரி கட்ட வேண்டும். 44ஏடிஏ எடுப்பவர்கள் நாலு தவணையாகப் பிரிக்க வேண்டாம், மார்ச் 15க்குள் ஒரே தடவையாகக் கட்டலாம். கட்டாமல் ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், 234பி, 234சி பிரிவுகளில் மாதம் 1% வட்டி. இவர் கணக்கில் 1,320 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் தேவையில்லாத செலவு. மூன்றாம் ஆளுக்கு மீதி 5,600தான் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆபீஸிலேயே சொல்லி, 192(2பி) பிரிவின்படி இந்த வருமானத்துக்கான வரியையும் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லலாம். வெளி வேலைக்கு உங்கள் ஒப்பந்தம் இடம் தருகிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

பழைய முறையில் இருப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்கணும். வெறும் சம்பளக்காரர் வருஷா வருஷம் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் வந்துவிட்டால் பழைய முறைக்கு 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும். அங்கிருந்து புதிய முறைக்கு ஒரு தடவை திரும்பலாம். அதன்பிறகு, தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறை கிடையாது.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 2025-26இல் சம்பாதித்ததற்கு மேலே சொன்ன எண்களே பொருந்தும்.

ரிட்டர்ன் போடுவதற்கு முன் வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்ற அறிக்கையை எடுத்துப் பாருங்கள். உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். அதில் வராத வரவை உங்கள் பேங்க் கணக்கைப் பார்த்து நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், சம்பளமும் வெளி வரவும் சேர்ந்து 12 லட்சக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று ஜனவரி, பிப்ரவரியிலேயே ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிடுவது. மார்ச் 15க்கு முன் பார்த்தால் வட்டி இல்லாமல் கட்ட வழி இருக்கும்.