இடுப்புச் சதைக்கு ஒரு நல்ல வேலை!

ஆவடியில் காலை ரயில் ஏறுகிறீர்கள். பெண்கள் பெட்டியில் நிற்கத்தான் இடம். பக்கத்தில் நிற்கும் அம்மாள் மேலே தொங்கும் பிடியை இடது கையால்தான் பிடித்திருக்கிறார். வலது கை உயர்வதே இல்லை. அம்பத்தூரில் கூட்டம் நெருக்கியதும், சட்டென்று வலது தோளை ஒதுக்கிக் கொள்கிறார். "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

வாயுவாகவே இருக்கலாம். ஆனால், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட சில பெண்களும் இப்படித்தான் ஏதோ ஒரு பெயர் சொல்லி மறைத்து விடுகிறார்கள். "உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாம் யாரிடம் சொல்வது?" என்ற எண்ணம்!

சொல்ல வேண்டும், சகோதரிகளே! அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஜனங்கள் "கரண்ட் வைப்பது" என்று சொல்கிறார்களே, அந்தக் கதிர் சிகிச்சை நோயை ஒடுக்குவதில் கெட்டிக்காரத்தனம் உள்ளது. அதைக் கண்டு பயந்து விலகக் கூடாது. ஆனால், சிலருக்கு அது ஒரு சுவடை விட்டுச் செல்கிறது. மாதங்கள், சில சமயம் வருஷங்கள் கழித்து, கதிர் பட்ட இடம் தோல்பை போல இறுகுகிறது, இழுக்கிறது, வலிக்கிறது. என்ன காரணம்? உள்ளே இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபடுகின்றன. நார்த் திசு பெருகுகிறது. வாய்க்கால் தூர்ந்து போன வயல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கதைதான்.

இந்த வயலுக்கு உரமாக வருவது எது தெரியுமா? எதைக் குறைக்க நாம் நடையாய் நடக்கிறோமோ, அந்த வயிற்றுக் கொழுப்பு!

கொழுப்பை இடம் மாற்றும் யோசனை பழையது. 1893-ல் ஜெர்மானிய ரண வைத்தியர் நாய்பர், கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் குழி விழுந்த தழும்பை நிரப்பினார். 1990-களில் அமெரிக்க டாக்டர் கோல்மன் இதற்கு ஒரு ஒழுங்கான முறை வகுத்தார். வயிற்றிலோ தொடையிலோ மெல்லிய குழாய் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். அதைச் சுழற்றி, எண்ணெயையும் நீரையும் பிரித்து விட்டு, நல்ல பகுதியை மட்டும் மழுங்கிய ஊசியால் தழும்பின் அடியில் துளித் துளியாக விடுவார்கள்.

ஏன் துளித் துளியாக? நாற்றுக் கட்டை அப்படியே சேற்றில் வைத்தால் அழுகும். பிரித்து நட்டால்தான் வேர் பிடிக்கும். கொழுப்பும் அப்படியே. ஒவ்வொரு துளிக்கும் சுற்றிலும் ரத்தம் கிடைக்க வேண்டும்.

கொழுப்புக்குள் புதிய திசுக்களாக வளரக் கூடிய மூல உயிரணுக்கள் இருப்பதை 2001-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினார்கள். 2007-ல் இத்தாலியில், வெரோனா நகரத்து டாக்டர் ரிகோட்டி, கதிரால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 20 பேருக்கு இந்தச் சிகிச்சை செய்து வெளியிட்டார். பெரும்பாலோருக்குத் தோல் இளகியது. புதிய ரத்தக் குழாய்கள் தென்பட்டன.

உடனே சர்வரோக நிவாரணி என்று நினைத்து விடாதீர்கள்! வைத்த கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பே கரைத்து விடும். ஆகையால் மாதங்கள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை செய்ய நேரலாம். வலி குறைவதைப் பற்றி ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. சில சமயம் கொழுப்பு கட்டி தட்டி, எக்ஸ்ரே படத்தில் டாக்டரைக் குழப்புவதும் உண்டு. இந்தச் சந்தேகத்தால்தான் 1987-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி சங்கம் மார்பகத்தில் இதைச் செய்யக் கூடாது என்றது. 2009-ல்தான் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தியது.

ஆகவே, வரிசை முக்கியம். புதிதாகக் கட்டியோ இறுக்கமோ தெரிந்தால், முதலில் உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் காட்டி, நோய் திரும்பவில்லை என்று நிச்சயப்படுத்திக் கொள்ளுங்கள். தேகப் பயிற்சியாலேயே கை உயருமா என்று பாருங்கள். அதற்கும் மேல் தேவையானால், பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் சிபாரிசு கேளுங்கள். அது சினிமா நட்சத்திரங்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிகளிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு இந்த முறை ஏற்றதா, எங்கே செய்கிறார்கள் என்பதை அவர்கள் சொல்வார்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தை உள்ளேயே வைத்துக் கொண்டு உட்கார்ந்து விடவில்லை. அவருடைய முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி 12 படுக்கைகளோடு எழுந்தது. உயிரைக் காப்பாற்ற அவ்வளவு பாடுபட்டார்கள். காப்பாற்றிய உயிர் கையைத் தூக்கித் தலை பின்னிக் கொள்ள வேண்டாமா?

நாளை ரயிலில் அந்த அம்மாளைப் பார்த்தால், உட்கார இடம் கொடுங்கள். பேச்சு தானாக வந்தால், இந்தச் சேதியையும் சொல்லுங்கள்.