தளர்ந்த தொடக்கமும் மேற்பட்டப் படிப்பும்

பலாங்கொடையிலிருந்து பண்டாரவளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பெலிஹுல்ஓயாவின் மலையடிவாரத்தே சப்ரகமுவப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1990களில் அது தோன்றிய பின், இப்பகுதித் தோட்டப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி கண்ணுக்கெட்டிய பொருளாயிற்று. அனுமதி நாடளாவிய தெரிவாதலின், அங்கேயே இடங்கிடைக்கும் என்பதன்று. எங்குச் சென்றாலும், தமிழில் உயர்தரம் பயின்று ஆங்கில விரிவுரைக்குள் புகும் மாணவர் முதலாண்டில் இடறுதல் அரிதன்று. அவ்விடறலினும் கொடியது ஒன்றுண்டு. பட்டம் பெற்றபின் பழைய பெறுபேற்றை நினைந்து, மேற்பட்டப் படிப்புக்கு விண்ணப்பியாமலே தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளுதலே அது.

கணித மேதை இராமானுஜன் வரலாறு இவ்விடத்து நோக்கற்பாலது. 1904இல் உதவிப்பணத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்த அவர், கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அவ்வுதவியை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் தேர்விற் தவறினார், மறுமுறையும் அவ்வாறே. ஆயினும் 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவரது கட்டுரை வெளிவந்தது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கரானார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வுதவி வழங்கியது. அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. கணிதமறிந்தோர் பரிந்துரைத்தமையால் விதி தளர்ந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் ஆய்வின் பேரிலேயே அவருக்குப் பட்டமளித்தது.

அவரைப் போன்றார் நூற்றாண்டுக்கு ஒருவரே என்பர், உண்மையே. எனினும் 1913 சனவரியில் ஹார்டிக்கு அவர் வரைந்த கடிதத்தின் அமைப்பு எவரும் கைக்கொள்ளத்தக்கது. தம் நிலையைச் சில வரிகளிற் கூறி, உடனே தம் தேற்றங்களுக்குச் சென்றுவிட்டார். தோல்வியை அவர் குறிப்பிடவேயில்லை. இக்காலத்து விண்ணப்பதாரருக்கு அவ்வசதி இல்லை. பெறுபேற்றுப் பத்திரமே அனைத்தையும் உரைத்துவிடும். ஆதலின் காரணத்தை இரண்டு வாக்கியங்களில் உள்ளவாறு எழுதுதல் நன்று. மொழி மாற்றமோ, வீட்டின் வறுமையோ, தம் சோம்பலோ, எதுவாயினும் சரி. இரங்கத்தக்க நீண்ட கதை, படிப்பவர் கவனத்தைத் தவற்றிலேயே நிறுத்திவிடும்.

எஞ்சிய இடமெல்லாம் பிந்திய உழைப்புக்கே உரியது. ஈற்றாண்டு ஆய்வேடு முதலாண்டுப் புள்ளிகளினும் ஆய்வுத்திறனை நேரே காட்டும். நற்சான்று அளிப்பவரும் அவ்வாய்வேட்டைப் படித்துத் திருத்தியவராயின் சிறப்பு. மாணவரின் முகமறியாப் பேராசிரியரின் பெரிய பெயரால் பயன் சிறிதே.

சராசரிப் புள்ளி முதுகலை அனுமதிக்குப் போதாதாயின், பட்டப்பின் டிப்ளோமா மற்றொரு வாயில். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது 8ஆம் நிலை. பாடநெறிவழி முதுகலை 9ஆம் நிலை. டிப்ளோமாவிற் பெறும் புதிய புள்ளிகளைச் சான்றாகக் காட்டிப் பின்னர் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். எப்பாடநெறி எதனை ஏற்கும் என்பது பீடந்தோறும் வேறுபடும். ஆதலின் இறுதி நாளுக்குப் பல வாரம் முன்னரே பீட அலுவலகத்தில் வினவிக்கொள்க.