பந்தயக் குதிரையா, மட்டக் குதிரையா?

மோட்டார் வண்டிகளில் பிரியமுள்ளவர்களிடையே நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. வழக்கிலே பிரதிவாதி ஒரு சின்னஞ்சிறு வண்டி. அதில் இரண்டு பேருக்கு மேல் உட்கார இடமில்லை. கூரை துணியினாலானது, வேண்டும்போது மடக்கிப் பின்னால் வைத்துவிடலாம். எஞ்சின் பெரிதல்ல, எடையும் அதிகமில்லை. விலையோ, அது விற்பனையாகும் தேசங்களில், மாதச் சம்பளக்காரர் ஒருவர் சில வருஷம் சிக்கனமாயிருந்தால் வாங்கக் கூடியது. இத்தகைய வண்டிக்கு ‘ரோட்ஸ்டர்’ என்று பெயர். இதை உண்மையான ‘ஸ்போர்ட்ஸ் கார்’ வம்சத்தில் சேர்க்கலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு.

சேர்க்கக் கூடாது என்போரின் வாதம் சுருக்கமானது. “இதற்கு வேகம் போதாது, பலம் போதாது, சாதாரணக் குடும்ப வண்டியின் உறுப்புக்களைக் கொண்டு செய்தது, காற்று வாங்கப் போகிறவர்களுக்கும், நாலு பேர் பார்க்க வேண்டுமென்று நினைக்கிறவர்களுக்கும் ஏற்ற பொம்மை” என்கிறார்கள். இங்கிலாந்தில் ‘முடி திருத்துகிறவர் வண்டி’ என்றே இதற்கு ஒரு பரிகாசப் பெயர் உண்டு. அந்தப் பரிகாசம் வண்டியைப் பற்றிச் சொல்வதைவிட, பரிகசிப்பவரைப் பற்றியே அதிகமாகச் சொல்கிறது.

இது வெறும் பெயர்ச் சண்டைதானே என்று வாசகர்கள் நினைக்கலாம். அப்படியன்று. எந்தப் பொருளுக்கு மதிப்பு என்று ஜனங்கள் தீர்மானிக்கிறார்களோ, அந்தப் பொருளைத்தான் தொழிற்சாலைகள் செய்யும். குதிரைச் சக்தியும் விலையுமே ஸ்போர்ட்ஸ் காரின் லக்ஷணம் என்று முடிவாகிவிட்டால், சிறிய வண்டி செய்பவர் இல்லாமற் போவார். வண்டி ஓட்டும் இன்பமும் கோடீசுவரர்களின் தனிச் சொத்தாகிவிடும்.

வம்சாவளி

ஒருவர் இன்ன குடும்பத்தைச் சேர்ந்தவரா என்று சந்தேகம் வந்தால் பெரியவர்கள் வம்சாவளியை விசாரிப்பார்கள். நாமும் அதையே செய்வோம்.

இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரத்தில், ‘மாரிஸ் கராஜஸ்’ என்றொரு மோட்டார் வியாபார ஸ்தாபனம் இருந்தது. 1922-ஆம் வருஷத்தில் ஸெஸில் கிம்பர் என்பவர் அதன் நிர்வாகியானார். சாதாரண மாரிஸ் வண்டிகளின்மீது அழகான புது உடல்களைப் பொருத்தி விற்க ஆரம்பித்தார். ஸ்தாபனத்தின் முதலெழுத்துக்களே எம்.ஜி. என்ற பெயராயின. 1928-இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் கிம்பர் ஒரு சிறு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் பெயர் ‘மிட்ஜெட்’, அதாவது குள்ளன். எஞ்சினின் அளவு 847 ஸி.ஸி.; பலம் 20 குதிரைச் சக்தி. அந்த எஞ்சினும் அடிச்சட்டமும் மாரிஸ் மைனர் என்ற எளிய குடும்ப வண்டிக்கு உரியவை. உடலோ, மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தது. விலை 175 பவுன்.

இன்று ரோட்ஸ்டரின்மீது சொல்லப்படும் குற்றங்கள் அத்தனையும் இந்தக் குள்ளனுக்குப் பொருந்துவதைக் கவனியுங்கள். பலம் இல்லை, விலை இல்லை, சொந்த எஞ்சின்கூட இல்லை! ஆனால் 1930-ஆம் வருஷம் புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் நடந்தது என்ன? அங்கே இருபத்துநாலு மணி நேரப் பந்தயம் ஒன்று வைத்தார்கள். இரவில் ஓட்டினால் அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடுமென்று, பகலுக்குப் பன்னிரண்டு மணியாக இரண்டு நாட்கள் நடத்தினார்கள். அந்தப் பந்தயத்தில் குழுவுக்குரிய பரிசைத் தட்டிக்கொண்டு போனவை மிட்ஜெட் வண்டிகளே. அவற்றின் உறவுக்காரனான கே.3 என்ற வண்டியில் ஏறி 1933-இல் அல்ஸ்டர் பந்தயத்தை வென்றவர், இத்தாலிய மகா சாரதியான தாட்ஸியோ நுவோலாரி.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945-இலே எம்.ஜி. தொழிற்சாலை டி.ஸி. என்ற வண்டியை வெளியிட்டது. 1,250 ஸி.ஸி. எஞ்சின்; 54 குதிரைச் சக்தி. நான்கு வருஷத்தில் சுமார் பதினாயிரம் வண்டிகள்தான் செய்தார்கள். அவற்றுள் ஒரு பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அங்கே அப்போது சாலைகளில் ஓடியவை வீடு போன்ற பெரிய கார்கள். அவற்றின் நடுவே இந்தச் சிறு வண்டி ஒரு புதிய விளையாட்டையே ஆரம்பித்து வைத்தது. 1961-இல் உலகச் சாம்பியன் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கரான பில் ஹில் பந்தயப் பாடம் படித்தது ஓர் எம்.ஜி. டி.ஸி.யில்தான். 1959-இல் லெமான் இருபத்துநாலு மணிப் பந்தயத்தை வென்ற இருவரில் ஒருவரான காரல் ஷெல்பி, 1952-இல் முதன் முதலாகச் சாலைப் பந்தயத்தில் ஓட்டியதும் அதே வகை வண்டியே.

பிற்பாடு 1958-இல் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் வந்தது. தவளையைப் போல இரண்டு விளக்குகளும் மேலே துருத்திக்கொண்டிருக்கும். அதன் எஞ்சின் ஆஸ்டின் குடும்ப வண்டியினுடையது, 948 ஸி.ஸி., 43 குதிரைச் சக்தி. 1962-இல் காலின் சாப்மன் என்ற எஞ்சினீயர் லோட்டஸ் எலான் என்ற வண்டியைச் செய்தார். அதன் எடை எழுநூறு கிலோவுக்கும் குறைவு. பலத்தைக் கூட்டுவதைவிடப் பளுவைக் குறைப்பதே மேல் என்பது சாப்மனின் சித்தாந்தம். ஆகவே, லேசான வண்டி ஸ்போர்ட்ஸ் கார் குடும்பத்துக்குப் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட தூரத்து உறவு அல்ல. குடும்பத்தை வளர்த்த மூத்தவர்களில் அதுவும் ஒன்று.

பளு என்னும் எதிரி

சாப்மனின் சித்தாந்தத்துக்குக் காரணம் என்ன? ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி ஒன்றும் இரண்டாயிரம் கிலோ வண்டி ஒன்றும் ஒரே வேகத்தில் ஒரே வளைவில் திரும்புவதாக வைத்துக் கொள்வோம். கனமான வண்டியைத் திருப்ப இரண்டு மடங்கு விசை வேண்டும். அந்த விசையைத் தருவது டயர் தரையைப் பற்றும் பிடிப்பு ஒன்றுதான். பளுவை இரட்டித்தால் பிடிப்பும் கூடும். ஆனால் அதே டயரில் அது முழுவதும் இரட்டிப்பதில்லை. ஆகவே கனமான வண்டிக்கு அகலமான டயர் வேண்டும். பெரிய பிரேக் வேண்டும். இவற்றையெல்லாம் இழுக்கப் பெரிய எஞ்சின் வேண்டும். அந்த எஞ்சினே மறுபடியும் பளு! கடனை அடைக்கக் கடன் வாங்கியவன் கதைதான் இது.

பளு எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். காவடித் தண்டின் இரு முனைகளிலும் தண்ணீர்க் குடங்களைத் தொங்கவிட்டுச் சுமப்பவன் சட்டென்று திரும்ப முடியாது. திரும்பிய பின் சட்டென்று நிற்கவும் முடியாது. அதே குடங்களை இடுப்போடு அணைத்துக் கொண்டால் எளிதில் திரும்புவான். நல்ல ரோட்ஸ்டரில் எஞ்சினை முன்சக்கரங்களின் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைப்பதன் ரகசியம் இதுவே.

இன்னொன்றும் உண்டு. சிறிய வண்டியில் டயர் எப்போது வழுக்கத் தொடங்கும் என்பது, ஓட்டுபவர் கைக்கும் முதுகுக்கும் முன்கூட்டியே தெரிகிறது. அதுவும் மிதமான வேகத்திலேயே தெரிகிறது. ஐந்நூறு குதிரைச் சக்தியுள்ள வண்டியின் எல்லையை அறிய வேண்டுமானால் பந்தய மைதானத்துக்குத்தான் போக வேண்டும். ஊர்ச் சாலையில் அதைத் தேடுகிறவர், போலீஸாரின் சிநேகத்தையோ ஆஸ்பத்திரியின் சிநேகத்தையோ தேடுகிறவராவார்.

ஹிரோஷிமாவில் மறுபிறவி

இப்படியெல்லாம் சிறப்பிருந்தும் இந்த வம்சம் ஒரு சமயம் அழிந்து போகும் நிலைக்கு வந்தது. 1970-களில் அமெரிக்க சர்க்கார் பத்திரத்துக்கும் புகைக்குமாகப் பல விதிகளை ஏற்படுத்தினார்கள். விதிகள் நியாயமானவையே. ஆனால் பழைய வண்டியைப் புதிய விதிக்குப் பொருத்திய விதம் அலங்கோலமாயிற்று. 1974-இல் எம்.ஜி.பி. என்ற புகழ்பெற்ற ரோட்ஸ்டருக்குக் கனமான ரப்பர் பம்பர்களை மாட்டி, வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். வளைவில் சாயாமல் போன வண்டி சாய ஆரம்பித்தது. 1980-இல் எம்.ஜி.யின் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. ஐந்து லக்ஷத்துக்கு மேல் விற்ற வண்டிக்கு வாரிசில்லை!

வாரிசு பிறந்தது ஜப்பானில், அதிலும் ஹிரோஷிமாவில். அங்குள்ள மாஸ்டா கம்பெனி 1920-இல் தக்கை செய்யும் தொழிலாகத் தொடங்கி, பின்பு மூன்று சக்கரச் சுமை வண்டி செய்து வளர்ந்தது. 1970-களின் கடைசியில் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அக்கம்பெனியின் அதிகாரியான கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய ஆங்கில வண்டிகளைப்போல எளிய ரோட்ஸ்டர் ஒன்று செய்ய வேண்டும் என்று யோசனை சொன்னார். அந்த விதை முளைக்கப் பத்து வருஷம் பிடித்தது. தோஷிஹிகோ ஹிராயி என்ற எஞ்சினீயர் வேலையை ஏற்று நடத்தினார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 வெளிவந்தது. அமெரிக்காவில் அதற்கு ‘மியாட்டா’ என்று பெயர்.

எஞ்சின் 1.6 லிட்டர், பலம் 116 குதிரைச் சக்தி, எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அமெரிக்காவில் விலை 13,800 டாலர். முன்னும் பின்னும் பளு ஏறக்குறையச் சரிபாதி. மலிவு வண்டிதானே என்று சக்கரங்களைத் தாங்கும் அமைப்பில் சிக்கனம் பிடிக்கவில்லை. நான்கு சக்கரத்துக்கும் உயர்ந்த பந்தய வண்டிகளில் உள்ளது போன்ற இரட்டைக் கை அமைப்பையே வைத்தார்கள். ஹிராயியும் அவர் குழுவினரும் கொண்ட தாரக மந்திரம் ‘ஜின்பா இத்தாய்’ என்பது. குதிரைமேல் விரைந்துகொண்டே அம்பெய்யும் வீரனும் அவன் குதிரையும் ஓருடலாதல் என்று அதற்குப் பொருள். 2016-இல் பத்து லக்ஷமாவது வண்டி வெளிவந்தது. இரண்டே பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுவென்று கின்னஸ் பதிவேடு ஒப்புக்கொண்டிருக்கிறது.

எதிர்வாதங்கள்

பிரதிவாதிக்காக இவ்வளவு பேசிய பிறகு, வாதிகளின் கட்சியில் உள்ள நியாயத்தையும் பார்க்க வேண்டாமா?

வேகம் குறைவு என்பது உண்மை. இன்று மின்சாரத்தால் ஓடும் குடும்ப வண்டிகள் பலவும் நேர்ச் சாலையில் 1989-ஆம் வருஷத்து மியாட்டாவைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆனால் இந்த உண்மை வாதிகளுக்கே விரோதமாகத் திரும்புகிறது. குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் வண்டி, விலையுயர்ந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களையும் முந்துகிறதென்றால், வேகத்தை வைத்து ஸ்போர்ட்ஸ் காரை அடையாளம் காண முடியாது என்றே ஏற்படுகிறது.

உறுப்புக்கள் சாதாரணம் என்பதும் உண்மையே. ஆனால் அரிசியும் உளுந்தும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. எல்லார் வீட்டு இட்லியும் ஒன்றாகவா இருக்கிறது? எதைக் கொண்டு செய்தார்கள் என்பதைவிட, எதற்காகச் செய்தார்கள் என்பதே கேட்கத் தக்க கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்டால், எல்லாத் திறந்த வண்டிகளும் தேறிவிடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1991-இல் நிஸான் கம்பெனி ‘பிகாரோ’ என்ற வண்டியை வெளியிட்டது. சிறியது, பார்க்கக் கொள்ளை அழகு, மேலே மடக்கும் துணிக் கூரை. ஆனால் உள்ளே இருந்தது மைக்ரா என்ற சிறு குடும்ப வண்டியின் அமைப்பு. கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும். நகரத்தில் சுகமாக உலாவி வருவதற்கென்று செய்தார்கள். அந்தக் காரியத்தை அது அழகாகச் செய்தது. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைத்தால் அதற்கும் பெருமையில்லை, பெயருக்கும் பெருமையில்லை. ஸ்பிரைட்டும் குடும்ப வண்டியின் எஞ்சினைக் கொண்டதுதான். ஆனால் அதன் உடலும், இரட்டைக் கார்புரேட்டரும், தரையோடு படிந்த ஆசனமும் ஓட்டுகிறவரின் ஆனந்தத்துக்கென்றே அமைந்தவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விலையிலோ பலத்திலோ இல்லை.

தீர்ப்பு

‘ஸ்போர்ட்’ என்றால் விளையாட்டு. விளையாட்டின் லக்ஷணம் என்ன? ஆடுகிறவனுடைய திறமைக்கு அதில் வேலை இருக்க வேண்டும். சடுகுடு ஆடத் தரையில் ஒரு கோடு போதும்; பொன்னால் கோடு போட்டால் ஆட்டம் உயர்ந்துவிடாது. ஓட்டுகிறவர் நன்றாக ஓட்டினால் நன்றாகவும், அசட்டையாக ஓட்டினால் அசட்டையாகவும் உடனே பதில் சொல்லுகிற வண்டி எதுவோ, அதுவே ஸ்போர்ட்ஸ் கார். அமெரிக்காவில் பழைய மியாட்டாக்களுக்கென்றே தனிப் பந்தயப் பிரிவு ஏற்படுத்தி, ஏராளமானோர் அதில் போட்டியிட்டு வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே வண்டி. ஆகவே ஜயிக்கிறவரைப் பார்த்து, பணத்தால் ஜயித்தார் என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் பிரதிவாதியை விடுதலை செய்வதோடு நம் கவலை தீர்ந்துவிடவில்லை. டொயோட்டாவின் சிறு ரோட்ஸ்டர் 2007-லும், ஹோண்டாவின் எஸ்.2000 என்பது 2009-லும், லோட்டஸ் எலீஸ் 2021-லும் நின்று போயின. மோட்டார் வண்டிகள் பொதுவாக வருஷத்துக்கு வருஷம் பருத்து வருகின்றன. மின்சார வண்டிக்கோ பாட்டரியே பெரும் பளு. இந்தக் காலத்தில் லேசான வண்டி ஒன்றைச் செய்வது அதிகப் பலமுள்ள வண்டியைச் செய்வதைவிடக் கடினம். 2015-இல் மாஸ்டா தன் ரோட்ஸ்டரைப் புதுப்பித்தபோது, முந்தியதைவிடச் சுமார் நூறு கிலோ குறைத்துக் காட்டியது. அந்த நூறு கிலோவின் அருமையை உணர்ந்து வாங்குகிறவர்கள் இருக்கும் வரையில்தான் அதைக் குறைக்கப் பாடுபடுகிறவர்களும் இருப்பார்கள். பந்தயக் குதிரையை வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். ஏறிப் போக நமக்கு அகப்படுவது மட்டக் குதிரைதான். அதற்குரிய மரியாதையை அதற்குக் கொடுப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.