காற்றில்லாத ஸ்பெயார் வீல்: தூரப் பயணத்துக்கு முன் டிக்கியைத் திறந்து பாருங்கள்

சென்ற வருடம் டிசம்பரில் ஒரு நாள், இஷாவுக்குப் பின் சாச்சி வபாத்தான செய்தி வந்தது. மறுநாள் காலை 7 மணிக்கு கல்முனையில் நல்லடக்கம். மாவனல்லையிலிருந்து உம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு உடனே புறப்பட்டோம். ஹபரணை, பொலன்னறுவை தாண்டி, வெலிகந்தைக்கும் புனாணைக்கும் இடையில் பின் டயர் வெடித்தது. நேரம் நள்ளிரவு 1.45. தூறல் மழை. யானை நடமாடும் பகுதி.

டிக்கியில் ஸ்பெயார் வீல், ஜெக், ஸ்பேனர் மூன்றும் இருந்தன. ஆனால் நான்கு நட்டுகளில் ஒன்று லொக் நட். அலோய் வீல் களவு போகாமலிருக்க ஒவ்வொரு சில்லிலும் ஒரு நட்டை வேறு வடிவத்தில் போட்டிருப்பார்கள். அதற்கென்று உள்ள சாவித் துண்டு இல்லாமல் சாதாரண ஸ்பேனர் அதைப் பிடிக்காது. பாவித்த வாகனமாக வாங்கி மூன்று வருடம் ஓட்டியும் அப்படியொன்று இருப்பது எனக்குத் தெரியாது. ஸ்பெயார் வீலை அழுத்திப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. கைபேசியில் 9 வீதம் சார்ஜ்.

மூன்று மணி நேரம் வாகனங்கள் கடந்து போயின. நிறுத்தாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில் நானும் நிறுத்தியிருக்க மாட்டேன். ஸுபஹ் நேரத்தில்தான் வாழைச்சேனைப் பக்கமிருந்து வந்த ஒரு மீன் லொறி நின்றது. அந்தச் சிங்களச் சகோதரர் சற்றுச் சிறிய பொக்ஸ் ஸ்பேனர் ஒன்றை லொக் நட்டின் மேல் சுத்தியலால் அடித்து இறுக்கிக் கழற்றினார். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய பம்பால் காற்றும் ஏற்றித் தந்தார். பணம் வாங்கவில்லை. நாங்கள் கல்முனையை அடைந்தபோது மையவாடியிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உம்மா தன் தங்கையின் முகத்தைக் காணவில்லை. என்னை ஏசவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "காத்தில்லாத டயர ஏன் மகன் இவ்வளவு நாளும் சுமந்து திரிஞ்ச?"

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி சொன்ன ஹதீஸை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதனால்தான் அந்தக் கேள்வி அதிகமாகச் சுட்டது. அதன் பின் நான் தேடி அறிந்து, வாகனத்தில் சேர்த்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் டயர். சிறிய கார்களில் வரும் ஒல்லியான ஸ்பெயார் வீல் தற்காலிகப் பாவனைக்குரியது. அதற்குப் பொதுவாக 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும்; சாதாரண டயருக்கு ஏற்றும் 30, 33 போதாது. அதைப் போட்டபின் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. இரண்டும் அந்த டயரின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அங்கேயே நான்கு இலக்க எண் ஒன்றும் உண்டு: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் முதுமையடையும். 10 வருடம் தாண்டியதை நம்ப வேண்டாம். புதிய கார்கள் பலவற்றில் ஸ்பெயார் வீலே இல்லை. பதிலாக ஒரு போத்தல் பசையும் பம்பும் இருக்கும். பசைக்குக் காலாவதித் திகதி உண்டு. பக்கவாட்டில் கிழிந்த டயரை அது அடைக்காது. லொக் நட் சாவி இல்லாவிட்டால் கராஜில் கொடுத்து சாதாரண நட்டுகளாக மாற்றிவிடுங்கள். வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில் ஒரு முறை சில்லைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். பிள்ளைகளும் பார்க்கட்டும்.

அடுத்தது பெட்டரி. ஜம்பர் வயரை எங்கே வைக்கிறீர்கள்? பிரியஸ் போன்ற வாகனங்களில் டிக்கி மின்சாரத்தால்தான் திறக்கும். சிறிய 12 வோல்ட் பெட்டரி இறங்கிவிட்டால் டிக்கிக்குள் இருக்கும் வயரை எடுக்கப் பின் சீற்றுக்கு மேலால் தவழ வேண்டும். ஆகவே வயர் சீற்றுக்கடியில் இருக்கட்டும். சிவப்பு வயரை முதலில் இறங்கிய பெட்டரியின் பிளஸ்ஸிலும் பிறகு நல்ல பெட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பெட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை நின்றுபோன வாகனத்தின் எஞ்சினில் வெறும் இரும்புப் பகுதி ஒன்றில், பெட்டரிக்குத் தள்ளி மாட்ட வேண்டும். ஹைபிரிட் காரிலிருந்து மற்ற வாகனத்துக்கு மின் கொடுக்கப் போக வேண்டாம்.

வீதியில் நின்றால் பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும். ஒளி தெறிக்கும் முக்கோணப் பலகை ஒன்றைக் குறைந்தது 50 மீற்றர் பின்னால் வையுங்கள். நம்மவர்கள் மரக்கொப்பை முறித்துப் போடுவார்கள்; வாகனம் சரியானதும் கொப்பையும் சில்லுக்கு வைத்த கல்லையும் அங்கேயே விட்டுப் போவார்கள். இருட்டில் மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவருக்கு அது போதும். பாதையில் கிடக்கும் நோவினையை அகற்றுவதை ஈமானின் கிளையாகக் கருதும் நாம் அதைப் போட்டுவிட்டுப் போகலாமா?

மற்றவை இலகுவானவை. நெற்றியில் கட்டும் டோர்ச், ஏனென்றால் நட்டுக் கழற்ற இரண்டு கையும் வேண்டும். 5 லீற்றர் தண்ணீர். குடிக்கவும் வுழூவுக்கும் ஆகும். ரேடியேட்டருக்கும் ஆகும், ஆனால் சூடாறும் வரை அதன் மூடியைத் திறக்கக் கூடாது. பண்டேஜ், கோஸ், பிளாஸ்டர், ஜீவனி. சீனி வருத்தக்காரர் இருந்தால் டொபியும் பிஸ்கட்டும். அன்றிரவு உம்மாவுக்குக் கை நடுங்கியபோது மகளின் புத்தகப் பையில் கிடந்த டொபிதான் உதவியது. பெண்களுக்கும் கைக்குழந்தைக்கும் தேவையானவற்றை மனைவியிடம் கேட்டு வையுங்கள். நாம் யோசித்தால் விடுபடும். 1990 (சுவசெரிய அம்பியூலன்ஸ்), 119 (பொலிஸ்), 117 (அனர்த்த முகாமைத்துவ நிலையம்) என்பவற்றோடு உறவினர் இருவரின் இலக்கங்களையும் கடதாசியில் எழுதி வையுங்கள். சார்ஜ் தீர்ந்த கைபேசியில் எந்த இலக்கமும் நினைவுக்கு வராது.

வெயிலில் நிற்கும் வாகனத்தில் இன்சுலின், மாத்திரை, பவர் பேங்க் ஆகியவற்றை விட்டுவைக்க வேண்டாம். பயணத்தின்போது கைப்பையில் கொண்டுபோங்கள். கேனில் பெற்றோல் கொண்டு திரிவதும் வேண்டாம். 2022 வரிசைக் காலத்தில் பழகிய பழக்கம் சிலரை இன்னும் விடவில்லை.

நான் இப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் ஸ்பெயார் வீலை அளந்து பார்க்கிறேன். இம்முறை 52 காட்டியது. 60க்கு ஏற்றி வைத்தேன்.